தட்டி எழுப்பிய ஒளி

அண்ணி பச்சைக் கண்ணாடியைக் கழற்றாமலே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்த வாலுவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. லேசர் ஓடும் அறைக்குள் போகிறவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி அது. கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே புகுந்து பார்வையைப் பொசுக்கிவிடாதபடி தடுக்கும் கனத்த வில்லைகள், புருவத்திலிருந்து கன்னம் வரை அடைத்துக்கொண்டு நிற்கும் ரப்பர் விளிம்பு. ஜன்னல் வழியே காலை வெயில் விழும் இந்தச் சோதனை அறையில் அதற்கு வேலையே கிடையாது. அதை மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதும் ஒன்றுதான்.

“என்ன அண்ணி, தூங்கும்போதுகூட இதோடதானா?” என்றாள்.

அண்ணி நிமிரவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று மட்டும் சொன்னாள். லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டின் கூர்மையான வாசனை அறை முழுக்க இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, நனைந்த இரும்புச் சாவியை நாக்கில் வைத்தாற்போல. வாலு மூக்கைச் சுளித்துக்கொண்டு, மாப்பிள்ளை எழுந்துவிட்டாரா என்று கேட்டாள்.

“நீயே போய்ப் பாரு,” என்றாள் அண்ணி. “இன்னைக்கு நிக்கிற மாதிரி என்னைக்கும் நின்னதில்ல.”

குரலில் ஒரு பெருமை இருந்தது. பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த செய்தியை அக்கம்பக்கத்தில் சொல்லும்போது வருமே, அந்தப் பெருமை. வாலு கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு லேசர் அறைக்குள் போனாள். ஒளியை அளக்கும் கருவியின் திரையைப் பார்த்த மறுகணம் அண்ணி, கண்ணாடி, அந்த வாடை எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

வாலு என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராதவள் என்பதற்காக வைத்தது. தலையில் நரை எட்டிப்பார்க்கிற வயதிலும் அந்த வீட்டில் அவள் வாலுதான். வீட்டின் முன்பாதி அண்ணன் அண்ணியின் குடித்தனம், பின்பாதி பட்டறை. இதயத்தில் அடைபட்ட ரத்தக் குழாய்க்குள் வைக்கிற ஸ்டென்டை அங்கே வெட்டினார்கள். தீக்குச்சி கனமே உள்ள உலோகக் குழலை வலைபோல வெட்டி எடுக்க வேண்டும். மெஷினை ஓட்டுவது அண்ணன். வெட்டி வந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அண்ணி. வெட்டுகிற லேசரைக் கட்டிக்கொடுத்தது வாலு. அவளுக்கு வேறொரு ஆய்வுக்கூடத்தில் வேலை; போகிற வழியில் தினமும் இங்கே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

லேசருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அண்ணன்தான். அதன் முறுக்கு அப்படி. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழையை வட்டவட்டமாகச் சுற்றி அதற்குள் ஒளியை ஓடவிட்டால், முதலில் அது சரியாக மூடாத குழாயில் தண்ணீர் ஒழுகுவதுபோலச் சும்மா ஒழுகிக்கொண்டிருக்கும். அந்த ஒளி உலோகத்தைக் கருக்குமே தவிர வெட்டாது. மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மணி அடித்ததும் மைதானத்தில் இறைந்து திரிந்த பிள்ளைகள் ஓடிவந்து வரிசை கட்டுவதுபோல, இழைக்குள் சிதறிக்கிடந்த ஒளி அந்த அதிர்ச்சியில் ஒன்றாகத் திரண்டு, துடிப்புத் துடிப்பாக வெளியே வரும். இமைக்கிற நேரத்தை லட்சம் கோடிக் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துடிப்பின் ஆயுள். சூடாவதற்கு நேரமே கிடைக்காமல் உலோகம் இருந்த இடத்தில் இல்லாமல் போகும். திரையில் அது ஒரு சீப்புபோலத் தெரியும். ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் பற்கள். அதைத்தான் அவர்கள் வரிசை நிற்கிறது என்பார்கள். வாலு உள்ளே வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, வரிசை நிற்கிறதா என்பதுதான். சௌக்கியமா என்பது அப்புறம்.

தட்டினால்தான் ஓடும் என்பதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. அவள் பார்த்த பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இந்தச் சாதி லேசரை யாராவது ஒருவர் தட்டித்தான் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு அதில் நல்ல கைராசி. நடுவிரலை மடக்கி, கதவைத் தட்டுவதுபோல மெதுவாக ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அது சில மாதங்களுக்கு முன்புவரை. பிறகு ஒரு தட்டு போதவில்லை. அண்ணன் முஷ்டியால் குத்தத் தொடங்கினான். பிறகு அடிக்கும் பக்கத்தில் ரப்பர் வைத்த சுத்தியலால். வாலு இழையை மாற்றினாள், இணைப்புகளைப் புதிதாக ஒட்டினாள், குளிர்விக்கும் தண்ணீரை மாற்றினாள். பயனில்லை. ஆனால் ஒரு விசித்திரம்: எவ்வளவு கடினமாக எழுந்ததோ, எழுந்த பிறகு அவ்வளவு சுத்தமாக நின்றது வரிசை. முன்பைவிடக் குறுகலான துடிப்புகள். அவள் படித்த எந்தக் கணக்கும் இவ்வளவு குறுகலாக வரும் என்று சொல்லவில்லை. அண்ணனின் முட்டிகளில் துணி சுற்றியிருந்ததை அவள் கவனித்தாள்தான். கவனித்துவிட்டு, திரையில் தெரிந்ததைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

பச்சைக் கண்ணாடி வந்த வாரத்திலேயே இன்னொரு சம்பவமும் நடந்தது.

வேலை நடுவில் வரிசை கலைந்துவிட்டது. குழல் பாதி வெட்டில் நின்றது. அண்ணன் வேறு இழைச்சுருளை எடுக்க மூலையிலிருந்த இரும்பு அலமாரியின் இழுப்பறைக்குள் கையை விட்டிருந்தான். பக்கத்தில் அண்ணி. வாலு மேஜையருகே குனிந்து இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பறை அறைந்து மூடிக்கொண்ட சத்தம் கேட்டது. பச்சைக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம் அதற்குள்ளேயே கேட்டது. பிறகுதான் அண்ணன் அலறினான்.

திரையில் வரிசை நின்றது.

அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தபடி முழங்காலில் விழுந்து கிடந்தான். வாலு முதலில் பார்த்தது திரையை. பிறகுதான் அவனை. அவனை நோக்கித் திரும்பும்போது அண்ணியும் திரையிலிருந்துதான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரின் பார்வைகளும் ஒரு கணம் சந்தித்தன. ஒரே வீட்டில் ஒரே பொருளைத் திருடி மாட்டிக்கொண்ட இரண்டு பேர்போல.

கை வழுக்கி இடித்துவிட்டேன் என்று அண்ணி அழுதாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விரலுக்குக் கட்டுப் போட்டு வந்தார்கள். இழுப்பறை மூடிய அதிர்ச்சியில் லேசர் எழுந்திருக்கும் என்று வாலு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர மனம் ஒப்பவில்லை. அந்த மேஜை காற்றடைத்த கால்களின் மேல் மிதக்கிறது. தெருவில் லாரி போனாலும், தரையில் எதைப் போட்டாலும் மேலே இருக்கிற இழைக்கு அதிர்வு போய்ச் சேராமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. மறுநாள் யாரும் இல்லாதபோது கருவிப்பெட்டியைத் தூக்கி அலமாரியின் பக்கத்தில் பொத்தென்று போட்டுப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஆடியது. திரையில் ஒரு நெளிவுகூட இல்லை.

பிறகு ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில், அண்ணி கண்ணாடியைக் கழற்றி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்ததை வாலு பின்னாலிருந்து பார்த்துவிட்டாள்.

இடது கண் ஏறக்குறைய மூடியிருந்தது. கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, அந்த வீக்கத்தின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள், அளவெடுத்துப் பதித்ததுபோல ஒரே இடைவெளியில். வாலுவுக்கு அந்த இடைவெளி தெரியும். லேசர் மேஜையின் எஃகுப் பலகை முழுக்கத் திருகாணி முடுக்குகிற துளைகள் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

“என்ன அண்ணி இது?”

“மேஜை இடிச்சிடுச்சு.”

“மேஜை தானா வந்து இடிக்குமா?”

அண்ணி துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். ஒரு நல்ல முகம் அது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்த முகத்தைப் பின்னந்தலையில் பிடித்து எஃகில் அழுத்துகிற கையை வாலு மனதில் பார்த்தாள். துணி சுற்றிய முட்டிகள். கட்டுப் போட்ட விரல்.

அந்தக் கையை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பா அம்மாவை அடிக்கிற நாட்களில் பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அண்ணன் தன் காதைப் பொத்திக்கொள்ள மாட்டான். இரண்டு கையாலும் வாலுவின் காதைப் பொத்துவான். சத்தம் முழுவதையும் அவன் ஒருவனே கேட்டான். அப்படிக் கேட்டது எல்லாம் எங்கே போகும்? உள்ளேதானே கிடக்கும்?

அன்று சாயங்காலம் அண்ணனை ஆய்வுக்கூட வாசலுக்கு வரச் சொல்லி, அவனுடைய காரில் உட்கார்ந்தபடி கேட்டாள். நேராகவே கேட்டாள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டான். ஆள் பாதியாகியிருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

“நான் மேஜையைத்தான் அடிச்சேன் வாலு. அவ மேல கை வச்சதே இல்ல.”

“மேஜைக்கு எங்கயாவது கன்னம் வீங்குமா?”

“நான் எழுந்து வர்றதுக்கு முன்னாடியே அது நின்னுட்டு இருக்குது,” என்றான். “காலையில படுக்கையில கைய நீட்டுவேன், அவ இருக்க மாட்டா. பின்னால சத்தம் கேக்கும். போய்ப் பாத்தா உக்காந்து திரையப் பாத்துட்டு இருப்பா. யாரு தட்டுறான்னு நீ அவகிட்ட கேளு.”

அப்பாவும் இப்படித்தான், தானாக விழுந்துவிட்டாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். வாலு இறங்கிக் கார்க் கதவை அறைந்து சாத்தினாள். அவன் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணன் வெளியே போயிருந்த நேரத்தில், துணிமணியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அண்ணியிடம் சொன்னாள். தனக்கு யாரும் இல்லை, ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். அண்ணி அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். அந்த விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“நான் வந்துட்டா காலையில வரிசைய யாரு நிறுத்துறது?” என்றாள்.

அடிமைப்பட்டவள் பேச்சு என்று வாலு அதை எடுத்துக்கொண்டாள். அடி வாங்கி வாங்கி மரத்துப்போனவள் வேறு எப்படிப் பேசுவாள்? சரி, கேடு அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்றால் தட்டே வேண்டாத லேசராக்கிவிடுகிறேன் என்று முடிவு செய்தாள். அவளுக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

அந்த மழைக்காலம் முழுவதும் அதற்கே போயிற்று. இழையைத் துடுப்பு வடிவில் இருந்த மூன்று சின்னத் தகடுகளில் சுற்றி, ஒவ்வொரு துடுப்பையும் ஒரு மோட்டார் முறுக்கும்படி செய்தாள். முறுக்குகிற கோணத்தைப் பொறுத்து இழைக்குள் ஓடும் ஒளியின் போக்கு மாறும். எந்தக் கோணத்தில் வரிசை கட்டுகிறது என்று கணினியே தேடிப் பிடித்து, கலைந்தால் மறுபடி தானே தேடி நிறுத்தும். கொண்டுவந்து மாட்டிய அன்று மூவரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மோட்டார்கள் கொசு பறப்பதுபோல முனகின. ஒழுகிக்கொண்டிருந்த ஒளி நடுங்கியது, நெளிந்தது, சட்டென்று வரிசை நின்றது. ஒருவரும் விரலைக்கூட அசைக்கவில்லை.

அண்ணன் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். வாலு அவனைப் பார்த்த பார்வையில் இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. ஆனாலும் மனது லேசாயிற்று.

அண்ணி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் பரிமாறியதைப் பாதியில் யாரோ எடுத்துப்போனதுபோல ஒரு முகம்.

“நிக்குது,” என்றாள். “ஆனா சும்மா நிக்குது.”

அது உண்மைதான். அளந்து பார்த்தபோது துடிப்புகள் பழைய அகலத்துக்கே போயிருந்தன. எல்லா லேசர்களும் தருகிற சாதாரண அகலம். ஸ்டென்ட் வெட்ட அது தாராளமாகப் போதும். அந்த அதிசயக் குறுகல் போய்விட்டதில் வாலுவுக்கும் உள்ளூர ஒரு ஏக்கம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வீடு பழையபடி ஆயிற்று. அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். வீக்கம் வடிந்து, மஞ்சளாகி, மறைந்தது. அண்ணனின் விரல் கோணலாகத்தான் கூடியது, ஆனால் அவன் மறுபடி கேலி பேசத் தொடங்கினான். மாப்பிள்ளை இப்போதெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிறார் என்றான். வாலு வேலை மும்முரத்தில் தினமும் போவதை நிறுத்தி, வாரம் ஒரு தரம் போய்வந்தாள். ஒருமுறை போனபோது அண்ணி லேசர் அறையில், இருட்டில், ஒரு கையை எஃகுப் பலகையின் மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. என்ன அண்ணி என்றதற்கு, “அது கேக்குது,” என்றாள். என்ன கேட்கிறது என்றதற்குச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. வாலுவும் சிரித்துவைத்தாள்.

அந்தி மயங்குகிற நேரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் பேச்சுக் குரல் இல்லை. தூரத்தில் மின்விசிறி ஓடுகிற இரைச்சல். அதற்குள் ஒரு சத்தம். தப். கொஞ்சம் இடைவெளி. தப். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல. அண்ணா, அண்ணா என்று வாலு கூப்பிட்டாள். யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

எப்படி வண்டி ஓட்டி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வரும் வழியெல்லாம் அண்ணியின் முகம்தான் கண்ணில் நின்றது. மறுபடி ஆரம்பித்துவிட்டான், நான் அன்றைக்கே அவளைக் கையோடு இழுத்துப் போயிருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது. சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. தீய்ந்த பால் நாற்றத்தோடு கேஸ் நாற்றமும் சேர்ந்து தொண்டையை அடைத்தது. ஓடிப்போய் அடுப்பைத் திருகி மூடினாள். ஜன்னலைத் திறந்தாள். மழைச் சத்தம் உள்ளே கொட்டியது. அதையும் மீறி, வீட்டின் பின்பாதியிலிருந்து, அந்தச் சத்தம்.

தப்.

லேசர் அறைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சோதனை அறை வழியாகப் போனாள். மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் அவளுடைய மூன்று மோட்டார்களும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. உடைக்கவில்லை. கம்பிகளைப் பதவிசாகச் சுருட்டி நூல்கொண்டு கட்டி வைத்திருந்தது. அந்தச் சுத்தம்தான் அவள் காலை அங்கேயே நிறுத்தியது. அண்ணன் முடிச்சுப் போட மாட்டான். கோணல் விரலோடு அவனால் முடியாது.

தப்.

கறுப்புத் துணியை விலக்கினாள்.

திரையின் வெளிச்சம் மட்டும். நீலம். அதில் முதலில் தெரிந்தது அண்ணியின் முதுகு. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேலை செய்கிறவளின் முதுகு. அவள் முன்னால் மேஜை. மேஜையின் விளிம்பில் இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

அண்ணி அண்ணனின் தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். காதுக்கு மேலே, முடிக்குள் விரல்களை நுழைத்து. மெல்லத் தூக்கினாள். எஃகில் இறக்கினாள்.

தப்.

கோபம் இல்லை. அவசரம் இல்லை. தேங்காய் உடைக்கிறவளுக்குக்கூட இன்னும் கொஞ்சம் வேகம் இருக்கும். அவள் தலையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துளைகள் நிரம்பி, ரத்தம் கறுப்பாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்துகொண்டிருந்தது. தரையில் அவன் கைபேசி கிடந்தது.



“வந்துட்டியா,” என்றாள் அண்ணி, திரும்பாமலே. “என்னை நானே அடிச்சுக்கிட்டா முன்ன மாதிரி வரலை. பழகிடுச்சுபோல. இவரு நல்லா நிறுத்துறாரு. பாரு.”

வாலு பார்த்தாள்.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள். வரிசை நின்றது. அவள் எங்கும் பார்த்திராத வரிசை. ஊசிகள். ஊசிகளைவிடக் கூர்மை.

அண்ணனின் கால் ஒருமுறை உதறியது. அதோடு நின்றது. திரையில் பற்கள் நடுங்கின. ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அண்ணி மறுபடி தூக்கி இறக்கினாள். தாழ்ந்துகொண்டேதான் போயின. இன்னொரு முறை. திரை தட்டையாயிற்று.

“போச்சு,” என்றாள் அண்ணி. அழுகை முட்டிய குரல். “போயிடுச்சு வாலு.”

அப்போதுதான் வாலுவின் கால்கள் நகர்ந்தன. அண்ணியைத் தள்ளவில்லை. அண்ணனைத் தூக்கவில்லை. நேராக லேசரின் மின்பெட்டியிடம் போனாள். சாவியைத் திருகினாள். மின்விசிறிகள் இழுத்து இழுத்து ஓய்ந்தன. மழை மட்டும் கேட்டது. கத்தரிக்கோலை எடுத்தாள். துடுப்புகளுக்கு அடியில் விரலைக் கொடுத்து, இழையைக் கொத்தாக அள்ளி, வெட்டினாள். கண்ணாடி நொறுங்கும் சின்னச் சத்தம். மறுபடி வெட்டினாள். ஒட்டவே முடியாதபடி வெட்டினாள். வெட்டிய நுனிகள் விரலில் தைத்தன. இனி இது எழாது. யார் தட்டினாலும் எழாது.

அண்ணனின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. காரில் வைத்து அவன் சொன்னதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. அண்ணா என்று வாயெடுத்தாள்.

பின்னந்தலையில் விரல்கள் நுழைந்தன.

ஜில்லென்ற விரல்கள். முடியோடு சேர்த்துப் பிடித்தன. இவ்வளவு பலம் எங்கிருந்து. கையை வீசினாள். கத்தரிக்கோல் எங்கோ போய் விழுந்தது. மேஜை எழுந்து வந்தது.

வெள்ளை.

பிறகு வாயில் இரும்பு. பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. கன்னத்துக்கடியில் எஃகு, எஃகின் மேல் வெதுவெதுப்பு. அது தன்னுடையதல்ல என்று தெரிந்தது. ஒரு சாண் தூரத்தில் அண்ணனின் கண். அதற்கு இப்பால் வெட்டுப்பட்ட இழை, நுனி மேல்நோக்கி. எங்கும் போய்ச் சேராத இழை. அதற்கு மேலே, சாய்வாக, திரை. தட்டைக் கோடு.

“கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு,” என்றாள் அண்ணி.

தூக்கினாள். இறக்கினாள்.

கோடு அசைந்தது.

லேசருக்கு மின்சாரம் இல்லை. இழை இல்லை. ஒளி இல்லை. வாலுவுக்கு அதெல்லாம் தெரியும். அவள் கட்டியது. அவள் வெட்டியது.

மறுபடி.

கோட்டில் ஒரு பல் எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசை எழுந்து வந்தது. அண்ணனுக்கு நின்றதைவிடக் குறுகலாக. இதைவிடக் குறுகலாக இருக்கவே முடியாது என்று தோன்றும் அளவுக்கு. வலி எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோபோல இருந்தது. வாலு கண்ணை மூடவில்லை. வழிந்த ரத்தத்தை இமைத்து இமைத்து விலக்கிவிட்டுப் பார்த்தாள். எத்தனையோ வருடமாகப் பார்த்துப் பழகிய பார்வை. அதற்கு உடனே தட்டுப்பட்டது.

“இடது ஓரத்துல ஒண்ணு குறையுது அண்ணி,” என்றது அவள் வாய்.

முடிக்குள் விரல்கள் வாகாகப் பிடி மாற்றிக்கொண்டன.